கெல்ஸ்பி மணி

என் வீட்டுக்காரன் ரூபன் சாட்டர்லி தூக்கத்தில் பேசுகிறவன். கல்யாணமான புதிதில் அவன் கெல்ஸ்பி ரயில் நிலையத்தில் சிக்னல்காரன்; அப்போது தூக்கத்தில் ரயில்களை அனுப்பிக்கொண்டிருந்தான். எம்.பி. ஆன பிறகு சபாநாயகரோடு பேச ஆரம்பித்தான். "ஐயா, அமைச்சர் என் கேள்விக்குப் பதிலே சொல்லவில்லை" என்று படுக்கையில் கிடந்து முழங்குவான். முழங்கையால் ஒரு இடி கொடுத்தால், "கேள்வியைத் திரும்பப் பெறுகிறேன்" என்று பணிவாகச் சொல்லிவிட்டுப் புரண்டு படுப்பான். இந்த மனுஷனோடு நான் படுகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல.

போர் முடிந்த கையோடு வந்த தேர்தலில் எங்கள் ஊர் அவனைத் தொழிற்கட்சி எம்.பி.யாக லண்டனுக்கு அனுப்பி வைத்தது. ஊருக்கென்ன, அனுப்பிவிட்டது. சனிக்கிழமை விடிந்தால் போதும், என் முன்னறையில் கூட்டம் நிரம்பிவிடும். கூரை ஒழுகுகிறவர், பென்ஷன் நின்றுபோனவர், பக்கத்து வீட்டுக்காரனின் சேவலைப் பற்றிப் புகார் சொல்கிறவர். வந்தவர்களுக்கு ஊற்றிக் கொடுத்தே எங்கள் ரேஷன் தேயிலை தீர்ந்துபோகும். ரூபன் எல்லோருக்கும் தலையாட்டுவான். திங்கட்கிழமை அத்தனையையும் மண்டையில் ஏற்றிக்கொண்டு ரயிலேறிவிடுவான்.

சபையில் அவன் இடம் பின்வரிசை. அவன் மந்திரியாகப் போவதில்லை என்று அவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், கட்சிக் கொறடாவுக்கு ரொம்ப நன்றாகவே தெரியும். ஓட்டுக்கு மணியடித்தால் கொறடா காட்டுகிற பக்கம் நடந்து போக வேண்டும். மிச்ச நேரத்தில் எழுந்து எழுந்து நின்று சபாநாயகர் கண்ணில் படுகிறோமா என்று பார்க்க வேண்டும். பின்வரிசைக்காரன் பிழைப்பு அவ்வளவுதான். ரூபனுக்கு அதுவே பிடித்திருந்தது. அவனிடம் எனக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்று. யாருக்கும் ஒரு சங்கடமும் வரக் கூடாது என்று நினைப்பான். அதனால் எல்லாச் சங்கடமும் எனக்கு வரும்.

எங்கள் ஊரில் கடல் வற்றினால் கண்ணுக்கெட்டிய மட்டும் ஈர மணல்தான். அதில் குதிரை வண்டி ஓட்டிக்கொண்டு போய் மட்டிச் சிப்பி வாரி வருவார்கள். என் பிறந்த வீட்டில் எல்லோருக்கும் அதுதான் தொழில். திரும்பி ஏறும் கடல் நேராக வராது. ஓடைகளில் புகுந்து, முதுகுப் பக்கமாக வந்து வளைத்துக்கொள்ளும். தெளிவான நாளில் பார்த்துக் கரையேறிவிடலாம். மூடுபனி இறங்கிவிட்டால் வண்டியில் பூட்டிய குதிரையின் காது தெரியாது. அதற்காகத்தான் கடலுக்குள் நீண்டிருக்கும் நிலமுனையில் ஒரு மரச்சட்டத்தில் பெரிய மணி தொங்கிக்கொண்டிருந்தது. பனி வந்தால் துறைமுகக் கம்பெனி ஆள் அதை விடாமல் அடிப்பார். மணலில் இருப்பவர்கள் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்வார்கள்.

போர்க்காலத்தில், எதிரி வந்து இறங்கினால் ஒழிய நாட்டில் எந்த மணியும் அடிக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். எங்கள் மணியை இறக்கி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எதிரி வரவில்லை. போர் முடிந்தது. மணியும் வரவில்லை.

அதற்குப் பிறகு வந்த ஒரு டிசம்பரில் என் தம்பி ஏமஸ் மணலில் இருந்தபோது பனி இறங்கியது. நான் கரையில் நின்றுகொண்டு, குளிக்கிற தகரத் தொட்டியைக் கவிழ்த்துப் போட்டுக் கரண்டியால் அடித்தேன். தகரத்தின் சத்தம் எவ்வளவு தூரம் போகும்? அவன் குரல் கொடுத்தான். இடது பக்கம் கேட்டது. அப்புறம் வலது பக்கம் கேட்டது. "அக்கா, எந்தப் பக்கம்?" என்று கேட்டான். கடைசியாகக் காதில் விழுந்தது அதுதான். நான் அடித்துக்கொண்டே இருந்தேன். கரண்டி வளைந்துபோன பிறகும் அடித்தேனாம். ஊரார் சொன்னார்கள், எனக்கு நினைவில்லை.

இன்னொரு தம்பி வில்ஃப் மறு வாரமே வண்டியைப் பூட்டிவிட்டான். வயிறு எரிந்துபோய்ச் சத்தம் போட்டேன். "மட்டி வீடு தேடியா வரும் அக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனான். ஏமஸ் போய்விட்டான். இவனாவது மிஞ்ச வேண்டும் என்றால், அடுத்த பனிக்கு முன்னால் அந்த மணி முனையில் தொங்க வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ரூபன் சபையில் கேள்வி போட்டான். மணி எங்கள் பொறுப்பில்லை, துறைமுகக் கம்பெனியின் பொறுப்பு என்றார் ஒரு மந்திரி. எங்களிடமிருந்து எடுத்துப் போனவர்களைக் கேளுங்கள் என்றது கம்பெனி. எடுத்துப் போனவர்கள், அது எங்கோ ஒரு கிடங்கில் பத்திரமாக இருக்கிறது, ஆனால் திரும்ப மாட்டுவது எங்கள் வேலையில்லை என்றார்கள். ரூபன் மறுபடி கேள்வி போட்டான். மறுபடி அதே சுற்று. கிணற்றில் கல் போட்ட மாதிரி இருக்கிறதே, நீ எல்லாம் ஒரு எம்.பி.யா என்று கேட்டேன். அவன் கோபப்படவில்லை. குலுக்கலில் பெயர் கொடுத்திருக்கிறேன் என்றான்.

ஒவ்வொரு நாளும் சபை கலைவதற்கு முன்னால் கடைசி அரைமணி பின்வரிசைக்காரர் ஒருவருக்கு உரியது. குலுக்கலில் பெயர் விழுந்தவர் தன் ஊர்க் குறையை எடுத்துச் சொல்லலாம். மந்திரி யாராவது உட்கார்ந்து கேட்டுப் பதில் சொல்லியே தீர வேண்டும். ரூபன் பெயர் பல மாதம் விழவில்லை. விழுந்தபோது நவம்பர் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமையாக விழுந்தது. அதை விட்டால் இனி குளிர்காலம் கழிந்துதான். அன்று பேச்சைக் கேட்க நானும் லண்டனுக்குப் போனேன்.

போனால் அங்கேயும் பனி. எங்கள் பனி வெள்ளை, உப்பு வாசம். அவர்களுடையது மஞ்சள், கரி வாசம். பேருந்துக்கு முன்னால் கண்டக்டர் கையில் விளக்கோடு நடந்து வழிகாட்டினார். தெருவில் நடக்கிறவர்கள் வேலிக் கம்பியைத் தடவிக்கொண்டு போனார்கள். ஒருவர் என்மேல் மோதிவிட்டு, தொப்பியைத் தூக்கி, விளக்குக் கம்பத்திடம் மன்னிப்புக் கேட்டார். நானும் கம்பி தடவியபடியே போய்ப் பாராளுமன்ற வாசலைக் கண்டுபிடித்தேன். உள்ளே போன பிறகும் பனி விடவில்லை. கூடவே வந்தது. நீண்ட தாழ்வாரங்களில் விளக்குகளைச் சுற்றி மங்கலாக ஒரு வட்டம். சிலையாக நின்ற கல் மனிதர்கள் எல்லாம் இடுப்பு வரைதான் தெரிந்தார்கள். நடந்து போகும்போது நான் விழித்திருக்கிறேனா, ரயிலிலேயே தூங்கிக்கொண்டிருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

ரூபன் கூடத்தில் காத்திருந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிட்டேன், ஹானா" என்றான்.

"யாரை?"

"நம்ம ஆளுங்களத்தான். பனியில வடக்க போற ரயிலெல்லாம் நின்னுடும்னு பேச்சு. பாவம், எனக்காக எதுக்குக் காத்துக் கிடக்கணும்? அரைமணிப் பேச்சுல ஓட்டு கிடையாது. நான், மந்திரி, சபாநாயகர், மூணு பேர் போதும்."

"நாப்பது பேர் இருக்கணும்னு நீதானே சொல்லுவே?"

"அது சட்டம். யாராச்சும் எழுந்து ஆள் இல்லன்னு சொன்னாத்தான் எண்ணணும். அரைமணிப் பேச்சுல யாரும் அப்பிடிச் சொல்ல மாட்டாங்க. மரியாதை இல்ல அது."

இவன் மரியாதையைக் கொண்டுபோய் உப்பில் போட என்று வாய் வரை வந்தது. பேசப் போகிறவனை எதற்குக் கலைக்க வேண்டும் என்று அவன் கழுத்துப் பட்டையைச் சரிசெய்துவிட்டு மேலே பார்வையாளர் மாடத்தில் போய் உட்கார்ந்தேன்.

எம்.பி.க்களின் காமன்ஸ் சபை போரில் விழுந்த குண்டில் எரிந்துபோனதிலிருந்து எங்கள் ஆட்கள் பிரபுக்கள் சபையின் அறையில் ஒண்டுக்குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார்கள். சிவப்புத் தோல் இருக்கைகள், எங்கு பார்த்தாலும் பொன் முலாம். அன்று அந்தப் பொன்னெல்லாம் பனியில் கரைந்து பழைய தேன் நிறமாகக் கிடந்தது. சபாநாயகர் பொய்முடி வைத்துக்கொண்டு வெகு தூரத்தில், ஏதோ ஒரு கரையில் உட்கார்ந்திருப்பது போலத் தெரிந்தார். கீழே மொத்தம் ஒரு பன்னிரண்டு பேர் இருந்தால் அதிகம். ஒருவர் கண்ணை மூடியிருந்தார். பதில் சொல்ல வந்த இளைய மந்திரி மடியில் காகிதத்தை வைத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு இடத்தில் வெந்நீர்க் குழாய் டிக் டிக் என்றது. சூட்டில் எனக்குக் கண் சொக்கியது. மணல் தெரிந்தது, மணலில் வண்டிச் சுவடு தெரிந்தது.

ரூபன் குரல் கேட்டு விழித்தேன். "கெல்ஸ்பி முனையில் ஒரு மணி இருந்தது, ஐயா" என்று ஆரம்பித்தான். கடல் எப்படி ஏறும், பனி எப்படி இறங்கும் என்று நிதானமாகச் சொன்னான். சிக்னல் பெட்டியில் நின்றபடி பேசுகிற அதே குரல். பிறகு, "மட்டி வாரும் ஒருவர், முப்பது வயது, கரைக்கு மிக அருகில்" என்றான். மச்சான் என்று சொல்லவில்லை. தன் வீட்டுத் துக்கத்தைக் காட்டிச் சபையிடம் எதையும் கேட்கக் கூடாதாம். முந்தின நாளே என்னிடம் சொல்லியிருந்தான். அந்த "ஒருவர்" என் நெஞ்சில் வந்து குத்தியது. ஏமஸுக்கு நான்தான் தலை வாரிவிட்டுப் பள்ளிக்கு அனுப்பியவள். அவன் ஒருவரா?

அப்போது எதிர் வரிசையில் ஒருவர் எழுந்தார். உயரமானவர், வெள்ளை மீசை, கையில் தொப்பி, தோளில் ஏற்கெனவே மேல்கோட்டு. சர் லயனல் ஆலர்டன். கெல்ஸ்பி துறைமுகக் கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவர். கம்பெனி ஆண்டு விழாவில் கேக் வெட்டுவதற்கு வருவார், அப்போது பார்த்திருக்கிறேன். "சபையில் நாற்பது உறுப்பினர்கள் இல்லை என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன், ஐயா" என்றார். காலை வணக்கம் சொல்கிற தொனியில்தான் சொன்னார்.

ஒருவருமே எதிர்பார்க்கவில்லை. கண்ணை மூடியிருந்தவர்கூடத் திறந்தார். சபாநாயகர் முகம் சுருங்கியது, ஆனால் சட்டம் சட்டம்தான். மேசைமேல் இருந்த மணல் கடிகையை ஒருவர் திருப்பி வைத்தார். மணல் இறங்கி முடிந்ததும் சபாநாயகர் தலைகளை எண்ணுவார். நாற்பது தேறாவிட்டால் அப்படியே எழுந்து போய்விடுவார். பேச்சும் கிடையாது, பதிலும் கிடையாது. சர் லயனல் கண்ணியமாகத் தலை குனிந்துவிட்டு வெளியே போனார். எண்ணச் சொன்னவர் தானே கணக்கில் சேர்ந்துவிடக் கூடாது அல்லவா, அதனால் வெளியே போய்விடுவது அவர்கள் வழக்கம். ரூபன் வாயைத் திறந்தபடி நின்றான். நாற்பது பேரையும் கையைப் பிடித்து ரயிலேற்றி அனுப்பிய மகராசன்.

எனக்கு அவன்மேல் வந்த ஆத்திரம் இவ்வளவு அவ்வளவு இல்லை. அதற்குமேல் பாவமாகவும் இருந்தது. எழுந்து நின்றுவிட்டேன். மார்பில் பெரிய வில்லை மாட்டிய காவலர் என்னிடம் வந்து, "அம்மா, உக்காருங்க, மேல இருக்கிறவங்க எழுந்திருக்கக் கூடாது" என்றார். என் தம்பி செத்ததைப் பற்றித்தான் அங்கே பேசிக்கொண்டிருந்தார்கள் என்றேன். உட்காரச் சொல்வதை விட்டுவிட்டு, எனக்குப் பக்கத்தில் அவரும் நின்றுகொண்டார்.

உறுப்பினர்களைச் சபைக்குக் கூப்பிடும் மணி அடிக்க ஆரம்பித்தது. ஒரு மணி இல்லை. அந்தக் கட்டிடம் முழுக்க, தாழ்வாரத்துக்கு ஒன்று, மாடிக்கு ஒன்று, நூலகம், தேநீர் அறை, முற்றம், எல்லா இடத்திலும் மணி. கிட்டத்தில் கணகணவென்று, தூரத்தில் ஈரத் துணி போர்த்தியது போல. கண்ணை மூடினால் கெல்ஸ்பி முனை. திறந்தால் அந்த வாசல், வாசல் நிறையப் பனி.

பனியிலிருந்து ஒரு ஆள் வந்தார். ஸ்காட்லாந்துக்காரர், கையில் பெட்டி. ரயில் கிளம்பவே இல்லையாம். நிலையத்தில் கிடந்து குளிரில் சாவதற்குத் தேநீர் அறையே மேல் என்று திரும்பி வந்தவராம். அவர் பின்னால் இரண்டு பேர், அவர்களும் ரயிலுக்குப் போய்த் திரும்பியவர்கள். பாதாள ரயிலுக்குப் போகும் சுரங்கப்பாதையிலேயே நின்றிருந்த ஒருவர். பாதி தின்ற மத்தி மீன் ரொட்டியைக் கையில் மறைத்துக்கொண்டு ஒருவர். முடிவெட்டுகிறவர் நாற்காலியிலிருந்து அப்படியே எழுந்து, ஒரு கன்னத்தில் நுரையோடு ஒருவர். எதிர் வரிசைக்காரர்களும் வந்தார்கள். மரியாதை கெட்ட வேலை என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள். ரூபன் ஊருக்கு அனுப்பிய பாதிப் பேர் ஊர் போய்ச் சேரவில்லை. எல்லோருடைய கோட்டும் நனைந்து மினுமினுத்தது. எல்லோரும் வாசலுக்கு வந்து, சட்டென்று வெளிச்சத்தைப் பார்த்ததும் கண்ணைச் சுருக்கினார்கள். கரையேறுகிறவர்களுக்கு அப்படித்தான் கண் சுருங்கும்.

சொன்னால் சிரிப்பீர்கள். ஒவ்வொரு ஆளும் பனியிலிருந்து வெளியே வரும்போது அது ஏமஸ்தானா என்று பார்த்தேன். பார்க்கிறோமே, பைத்தியமா என்று தெரிந்தேதான் பார்த்தேன்.

மணல் தீர்ந்தது. சபாநாயகர் தன் முக்கோணத் தொப்பியைக் கையில் எடுத்து, அதாலேயே ஒவ்வொருவராகச் சுட்டி எண்ணினார். அவர்கள் எண்ணுகிற முறை அது. தொப்பி மெதுவாக வரிசை வரிசையாக நகர்ந்தது. ரூபனைத் தொட்டது, நுரைக் கன்னத்தைத் தொட்டது, ரொட்டிக்காரரைத் தொட்டது. "முப்பத்தெட்டு" என்றார். தன்னைச் சேர்த்து, "முப்பத்தொன்பது." தொப்பி அந்தரத்தில் நின்றது.

அப்போது வாசலில் இன்னொருவர் தெரிந்தார். தொப்பி இல்லை. ஒரு முழங்கால் முழுக்கச் சேறு. மீசையிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, இரைக்க இரைக்க நின்றார். அடையாளம் தெரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. சர் லயனல்தான்.

வாசலுக்கு உள்ளே குறுக்கே ஒரு தடுப்புக் கம்பி உண்டு. அதற்கு இந்தப்புறம் வந்தால்தான் சபைக்குள் வந்ததாகக் கணக்கு. அவர் அந்தப்புறம் நின்றார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள், அவர் சபாநாயகரின் கையிலிருந்த தொப்பியைப் பார்த்தார். என்ன எண்ணிக்கையில் நிற்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. யாரோ ஒருவர் மெல்லச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அவர் முகம் இறுகியதைப் பார்த்தேன். திரும்பிப் போய்விடப் போகிறார் என்று என் உயிரே போய்விட்டது.

ரூபன் எழுந்து நிற்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டான். அவன் கட்சி வரிசையில், எதிர்க்கட்சிக்காரருக்கு.

"உள்ள வாங்க, சர் லயனல்" என்றான். "நனைஞ்சிட்டீங்க. இந்தப் பக்கம் குழாய் சூடா இருக்கு."

சர் லயனல் தன் முழங்காலில் இருந்த சேற்றைப் பார்த்தார். பிறகு கம்பியைத் தாண்டி உள்ளே வந்தார். ரூபன் பக்கத்தில் போய் உட்காரவில்லை, அந்த அளவுக்கு இல்லை. தன் வரிசையில், முதல் இடத்திலேயே தொப்பென்று உட்கார்ந்தார்.

தொப்பி அவரைச் சுட்டியது. "நாற்பது" என்றார் சபாநாயகர். "மிஸ்டர் சாட்டர்லி."

ரூபன் எழுந்தான். அரைமணியில் பாதிக்குமேல் கரைந்துபோயிருந்தது. ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்செல்லாம் அவனுக்கு மறந்துவிட்டது என்று மேலிருந்தே தெரிந்தது; காதைத் தடவிக்கொண்டான். "ஐயா" என்றான். "இப்போது இங்கே அடித்தார்களே, அதைத்தான் கேட்கிறேன். வேறொன்றும் கேட்கவில்லை." உட்கார்ந்துவிட்டான்.

இளைய மந்திரி எழுந்தார். மடியிலிருந்த காகிதத்தைப் பிரித்து முதல் வரியைப் படித்தார். பொறுப்பு யாருடையது என்பது பரிசீலனையில், என்று தொடங்கியது. நிறுத்திவிட்டு, ஈரத்தில் ஆவி பறக்க உட்கார்ந்திருந்த சர் லயனலை ஒரு பார்வை பார்த்தார். சர் லயனல் தரையைப் பார்த்தபடி, தலையை மட்டும் மேலும் கீழுமாக ஆட்டினார். கம்பெனி சம்மதிக்கிறது. மந்திரி காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மணி திரும்ப மாட்டப்படும், அடுத்த சில மாதங்களிலேயே மாட்டப்படும், இந்தச் சபைக்கு வாக்குறுதி தருகிறேன் என்றார். பக்கத்திலிருந்த காவலர் சபையைப் பார்த்தபடியே என் கையில் ஒரு கைக்குட்டையைத் திணித்தார். அப்போதுதான் அழுதுகொண்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது.

கீழே கூடத்தில் ரூபனுக்காக நின்றபோது சர் லயனல் அந்த வழியாக வந்தார். நான் நகரவில்லை. நாக்கில் சனி இருக்கிறவள் நான். விட்டிருந்தால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார். அவர் முந்திக்கொண்டார்.

"மிசஸ் சாட்டர்லிதானே? கார் நிக்குற பக்கம்னு நெனச்சு ஆத்துப் பக்கத்துக் கதவுல போயிட்டேம்மா. ரெண்டு எட்டு வச்சேன், சுவரு இல்ல. திரும்பினா கதவும் இல்ல. மணி அடிச்சதாலதான் வந்து சேந்தேன். அது வரைக்கும் முட்டிபோட்டுத் தடவுறேன். பக்கத்துல தண்ணி ஓடுற சத்தம், எந்தப் பக்கம்னு மட்டும் தெரியல."

எந்தப் பக்கம். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்பேன் என்று நான் நினைக்கவில்லை.

"செத்துப்போனது என் தம்பி" என்றேன். "அவனும் அதைத்தான் கேட்டான்."

மன்னிப்புக் கேட்பார் என்று பார்த்தேன். கேட்கவில்லை. நனைந்த கையுறையைக் கழற்றி என் கையைப் பிடித்தார். அவர் கை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த நடுக்கத்தைப் பார்த்த பிறகு எனக்கு அவரைத் திட்ட மனசு வரவில்லை.

தெருவில் ரூபன் என் கையைக் கோத்துக்கொண்டு, கம்பியைத் தடவியபடி நடந்தான். ஊரையே வீட்டுக்கு அனுப்புகிற புத்தி இனியாவது போகுமா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, சந்தேகம்தான் என்றான். எனக்கும் சந்தேகம்தான். ஆனால் அந்தக் குழாய்ப் பக்கத்து இடத்தையும் அதே புத்திதான் நகர்ந்து கொடுத்தது. அதை நான் அவனிடம் சொல்லவில்லை. தலைக்கேறிவிடும்.

பிப்ரவரியில் மணி வந்தது. எடுத்துப் போன மாதிரியே ஒரு லாரியில், வைக்கோல் சுற்றி வந்தது. முனையில் புது மரச்சட்டம் அடித்துத் தொங்கவிட்டார்கள். மாட்டிய பிறகு வந்த முதல் பனி ஒரு சனிக்கிழமை. என் முன்னறையில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள், சேவல் வழக்கு நடந்துகொண்டிருந்தது. சன்னலில் வெள்ளை இறங்கியதைப் பார்த்தேன். தேநீர்ப் பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன்.

முனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது. ஆழமான சத்தம், மணல் முழுக்கப் போகிற சத்தம். நான் சட்டத்தின் பக்கத்தில் நின்றேன். எதிரில் ஒன்றுமே இல்லை, வெள்ளை மட்டும்தான். பிறகு சக்கரச் சத்தம். முதல் வண்டி வந்தது, அடுத்தது வந்தது. ஒவ்வொன்றாக, பனியிலிருந்து குதிரைத் தலை முதலில், ஆள் பின்னால். வில்ஃப் கடைசியில் வந்தான். இறங்கி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"வந்துட்டேன்ல அக்கா. வா, வீட்டுக்குப் போலாம்."

"நீ போடா, வர்றேன்" என்றேன்.

அவன் முகம் மாறியது. குதிரையைப் பிடித்துக்கொண்டு போனான். ரூபன் எப்போது வந்தான் என்று தெரியவில்லை, பக்கத்தில் நின்றான். எல்லா வண்டியும் கரையேறிவிட்டது. மணிக்காரர் கயிற்றை விட்டுவிட்டுக் கையை உதறிக்கொண்டார்.

"இன்னும் கொஞ்ச நேரம் அடிங்க" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார், ரூபனைப் பார்த்தார். யாருக்காக என்று கேட்கவில்லை. மறுபடி கயிற்றைப் பிடித்தார்.